இழுக்கும் முன் நிறுத்த வேண்டும்: பழைய டீசல் பிக்கப்பைப் பாரவேலைக்கு ஆயத்தம் செய்தல்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. காரைநகரிலிருந்து பருத்தித்துறை வரை ஓடினாலும் சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஏற்றம் கிடையாது. அதனால் முப்பது வயதான டீசல் பிக்கப்கூட ஒரு தொன் பாரத்தைப் பின்னால் கொளுவிக்கொண்டு அமைதியாகப் போய்விடும். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வாகனம் இழுக்கிறது, ஆகவே எல்லாம் சரி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எங்கள் மண்ணில் எஞ்சின் பலம் போதாமல் நிற்கும் வாகனங்கள் குறைவு. பிரேக் பிடிக்காததும், சேசிஸ் கறள் பிடித்து வெடித்ததும், தண்ணீர் கொதித்து சிலிண்டர் ஹெட் போனதும்தான் அதிகம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில் மீண்டும் திறந்தாலும் புதிய பிக்கப்பின் விலை விவசாயிக்கும் கடற்றொழிலாளிக்கும் எட்டுவதாக இல்லை. எனவே பழைய ஹைலக்ஸ், எல்200, நிசான் போன்றவற்றைச் சீர்செய்து படகும் தண்ணீர்த் தாங்கியும் சீமெந்தும் இழுப்பது புத்தியான முடிவுதான். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் நிறுத்துவது, பிறகு தாங்குவது, பிறகு குளிரவைப்பது, கடைசியில் இழுப்பது. பணத்தையும் இதே வரிசையில் செலவிடுங்கள்.

நிறையைக் கணக்கிடுதல்

வாகனத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு காகிதத்தை எடுங்கள். எதை இழுக்கப் போகிறீர்கள், அதன் நிறை எவ்வளவு என்று எழுதுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஆயிரம் லீற்றர் தாங்கி நிறைந்தால் தண்ணீர் மட்டும் ஒரு தொன். 50 கிலோ சீமெந்துப் பை இருபது சேர்ந்தாலும் ஒரு தொன். இதோடு ட்ரெயிலரின் வெற்று நிறையைக் கூட்ட வேண்டும். அது 350 கிலோ என்று வைத்துக்கொண்டால் உங்கள் பின்னால் வருவது 1,350 கிலோ. படகு என்றால் எஞ்சின், எரிபொருள், வலை, நங்கூரம் எல்லாம் கணக்கில் சேரும். நனைந்த வலையின் பாரம் காய்ந்த வலையின் பாரம் அல்ல.

பிறகு உங்கள் மொடலின் கையேட்டில் இழுவை வரம்பைப் பாருங்கள். பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு ஓர் அளவும் பிரேக் இல்லாததற்கு அதைவிடக் குறைந்த ஓர் அளவும் இருக்கும். ட்ரெயிலரை மாட்டும் பாகமான கொளுவிக்கும் ஒரு வரம்பு உண்டு, ரயருக்கும் உண்டு. எல்லாவற்றிலும் சிறிய எண் எதுவோ அதுவே உங்கள் வரம்பு. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். நீங்களும் அந்த எண்ணை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் இல்லாத பெட்டியில் ஒன்றரைத் தொன் ஏற்றிக்கொண்டு யாழ் நகருக்குள், சைக்கிளும் முச்சக்கரவண்டியும் குறுக்கிடும் வீதியில் போவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

சேசிஸில் கறள்

எங்கள் குடாநாட்டில் கடலும் களப்பும் எப்போதும் பக்கத்தில்தான். காற்றிலேயே உப்பு இருக்கிறது. படகு இறக்கிய வாகனமென்றால் உப்புத்தண்ணீர் சேசிஸின் பெட்டிக்குழாய்களுக்குள் நுழைந்து உள்ளிருந்து அரித்திருக்கும். வெளியே கறுப்புப் பெயின்ற் பளபளப்பதைப் பார்த்து நம்ப வேண்டாம். விற்பதற்கு முன் அடிக்கப்படும் பெயின்ற் அது.

சிறிய சுத்தியலும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வாகனத்தின் கீழே படுங்கள். பின்சில்லுக்கு மேலே சேசிஸ் வளையும் இடம், பின் வில்லுகள் (ஸ்பிரிங்) தொங்கும் தாங்கிகள், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள் ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். ஸ்க்ரூ டிரைவரின் முனை உள்ளே போனால் அந்த வாகனத்தால் பாரம் இழுக்கக் கூடாது. தகடு வைத்து ஒட்டித் தருகிறேன் என்று வெல்டிங் கடையில் சொல்வார்கள். பெட்டி ஏற்றி ஊருக்குள் ஓடுவதற்கு அது போதலாம். இழுவையில் பாரம் முழுவதும் சேசிஸின் பின்முனையில்தான் தொங்குகிறது. அரித்த இரும்பின் மேல் ஒட்டிய தகடு அதற்குப் போதாது.

நல்ல சேசிஸாக இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். பழைய எஞ்சின் ஒயிலைக் கீழே அடிக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அது றப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், நிலத்தில் சொட்டிக் கிணற்றுக்கும் போகும். சுண்ணக்கல்லின் மேல் வாழும் நாங்கள் நிலத்தில் ஊற்றுவதைத்தான் நாளை குடிக்கிறோம். குழாய்களின் உட்புறத்துக்கென்று விற்கப்படும் மெழுகு வகைப் பூச்சை வாங்கி அடியுங்கள்.

பிரேக்

இதில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். முன்னால் பாட் புதிது, டிஸ்க்கின் தடிப்பு அதில் பொறித்துள்ள குறைந்தபட்ச அளவுக்கு மேலே, பின்னால் ட்ரம் வட்டம் கெடாமல், சில்லு சிலிண்டர்கள் ஒழுகாமல் இருக்க வேண்டும். றப்பர் குழாய்கள் வெடித்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியாகும்போது மிதிக்கும் கால் அடிவரை போய்விடும். எங்கள் ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் வடித்து மாற்ற வேண்டும்.

பலர் கவனிக்காத ஒரு பாகம் இங்கே இருக்கிறது. ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி ஓடி ஒரு வால்வில் சேரும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழும்போது அந்தக் கம்பி வால்வைத் திருப்பிப் பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். வெறுமையாக ஓடும்போது அழுத்தத்தைக் குறைத்துப் பின்சில்லு இறுகிச் சறுக்காமல் காக்கும். நீங்கள் வில்லுத் தகடு கூட்டிப் பின்பக்கத்தை உயர்த்தினால், பாரம் ஏறினாலும் வாகனம் தாழாது. ஆனால் அந்த வால்வு, வெறும் வாகனம் என்று எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். வில்லு வேலை செய்த அன்றே அந்தக் கம்பியையும் கையேட்டிலுள்ள முறைப்படி சரிசெய்விக்க வேண்டும். கம்பி கறளில் ஒடிந்து தொங்கும் வாகனங்களும் உண்டு, பாருங்கள்.

ட்ரெயிலருக்குப் பிரேக் பூட்டுவதானால் பழைய பிக்கப்புக்கு ஏற்றது தள்ளுவிசைப் பிரேக். வாகனம் வேகம் குறையும்போது பின்னால் வரும் ட்ரெயிலர் முன்னோக்கித் தள்ளும்; கொளுவியின் தண்டு உள்ளே போய்ச் சில்லுகளின் பிரேக்கை இழுக்கும். மின் இணைப்பு எதுவும் தேவையில்லை. பின்னோக்கிச் செல்லும்போது அதே தள்ளல் பிரேக்கை இறுக்கிவிடும் என்பதால், அதைத் தடுக்கும் பூட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மின்பிரேக் இன்னும் நல்லது, ஆனால் அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சீரான வயரிங்கும் வேண்டும். அதோடு உப்புத்தண்ணீரில் இறங்கும் படகு ட்ரெயிலருக்கு அது அதிக காலம் உழைக்காது.

குளிரவைத்தல்

ரேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வலிகாமத்தின் கிணற்று நீர் சுண்ணக்கல் வழியே ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு எஞ்சினின் நீர்வழிகளிலும் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். வெறுமையாக ஓடும் வரை எதுவும் தெரியாது. ஒரு தொன் பாரத்துடன் மத்தியான வெயிலில் சாவகச்சேரி தாண்டிப் போகும்போது வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும். கனிமம் நீக்கிய தண்ணீரோடு கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். வழியில் வேறு கதி இல்லாமல் ஏதோ ஒரு தண்ணீர் ஊற்றினால், வீடு வந்ததும் வடித்துவிடுங்கள்.

பழைய வாகனத்தை வாங்கியவுடன் ரேடியேற்றரைக் கழற்றிக் கடையில் கொடுங்கள். செம்பு, பித்தளை ரேடியேற்றர் என்றால் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம், உள்ளீட்டை மாற்றிப் புதிதாகவும் கட்டலாம். ரேடியேற்றர் மூடியும் ஒரு பாகம்தான். அதன் றப்பர் காய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்.

விசிறியின் நடுவிலுள்ள பிசுபிசுப்பு எண்ணெய்க் கிளச்சைச் சோதிப்பது எளிது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுற்றுங்கள். தடையோடு நகர்ந்து உடனே நின்றால் நல்லது. சுதந்திரமாகச் சுழன்றுகொண்டே இருந்தால் மாற்ற வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்துபோய் எறியப்பட்டிருந்தால் எங்காவது தேடிப் பூட்டுங்கள். அது இல்லாமல் விசிறி இழுக்கும் காற்றில் பெரும்பகுதி ரேடியேற்றரின் ஊடாக வராது.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எஞ்சின் சூடான பிறகு திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் வால்வுதான் தேர்மோஸ்டாற். "வெப்பநாட்டுக்கு தேர்மோஸ்டாற் தேவையில்லை" என்று கழற்றி எறியும் வழக்கம் பல கராஜ்களில் உண்டு. பல ஜப்பானிய டீசல் எஞ்சின்களில் அந்தத் தேர்மோஸ்டாற் திறக்கும்போது அதன் அடித்தட்டு ஒரு குறுக்குவழியை அடைக்கும். கழற்றிவிட்டால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே இருக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். சரியான வெப்பநிலையில் திறக்கும் நல்ல தேர்மோஸ்டாற் ஒன்றைப் பூட்டுங்கள்.

எல்200இல் வரும் 4டி56 எஞ்சினை ஒருமுறை கொதிக்கவிட்டாலே ஹெட் வெடிக்கும் ஆபத்து உண்டு. அந்த வாகனம் வைத்திருப்பவர்கள் தண்ணீர் மட்டம் குறைந்தால் ஒலிக்கும் சிறிய எச்சரிக்கைக் கருவியைப் பூட்டுவது நல்ல முதலீடு. தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டால் வெப்பமானியின் உணரி வெறுங்காற்றில் நிற்கும், முள் பொய் சொல்லும்.

எஞ்சினும் எரிபொருளும்

முதலில் டைமிங் பெல்ற், அதாவது எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பட்டி. ஹைலக்ஸின் 2.8 லீற்றர் 3எல் எஞ்சினில் அதை ஒரு இலட்சம் கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். ஓடோமீற்றரை நம்ப முடியாத வாகனமென்றால் வாங்கிய நாளே மாற்றுங்கள். 4டி56இல் இரண்டு பெல்ற்கள் உண்டு. சிறிய சமநிலைப் பெல்ற் அறுந்து பெரிய பெல்ற்றுக்குள் சிக்கினால் எஞ்சின் முடிந்தது, ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நிசானின் டிடி27இல் பல்சக்கரங்கள்தான், அந்தக் கவலை இல்லை.

இன்ஜெக்டர்களைக் கழற்றி டீசல் பம்ப் கடையில் அழுத்தம் பார்த்துத் தெளிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டும் இன்ஜெக்டர் பாரத்தில் பிஸ்டனின் தலையை உருக்கும். காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி புதிதாக இருக்கட்டும். டீசல் வடிகட்டியின் கீழே சேரும் தண்ணீரை அடிக்கடி வடியுங்கள்.

மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே கார்களை ஓடவைத்த ஊர் இது. அந்தக் கைத்திறனுக்கு ஈடில்லை. ஆனால் அன்று நோக்கம் எப்படியாவது ஓடுவது. இன்று கேட்பது, பாரத்துடன் மணிக்கணக்காக ஓடுவது. சுழல்வகை டீசல் பம்ப்புக்கு டீசல்தான் உராய்வு நீக்கும் எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது, பம்ப் தேயும். படகு எஞ்சினுக்கென்று வீட்டில் கான்களில் மண்ணெண்ணெய் இருக்கும் என்பதற்காகத் தாங்கிக்குள் ஊற்றாதீர்கள்.

டேர்போ பூட்டலாமா, பம்ப்பில் டீசலைக் கூட்டலாமா என்று கேட்பார்கள். என் பதில் வேண்டாம் என்பதே. 3எல் ஏறத்தாழ 90 குதிரைவலு தரும் எஞ்சின். சமதரையில் ஒன்றரைத் தொன்னை 50, 60 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டுபோக அது தாராளம். டீசலைக் கூட்டினால் கரும்புகையும் சூடும்தான் கூடும். அந்தப் பணத்தில் ட்ரெயிலருக்குப் பிரேக் பூட்டலாம்.

வில்லு, ரயர், கிளச்

வில்லுத் தகடுகளில் வெடிப்பு, புஷ்களில் ஆட்டம் பார்த்து, தேவையென்றால் ஒரு தகடு கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டினால் வெறும் வாகனம் குதிக்கும், ஈரவீதியில் பின்பக்கம் பிடிக்காது.

ரயர் பார வகையாக இருக்க வேண்டும்; கார் ரயர் ஆகாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் வயது போன ரயர் பாரத்தில் வெடிக்கும். ட்ரெயிலரின் ரயர்கள் தேய்வதைவிடக் காய்ந்து வெடிப்பதே அதிகம், ஏனெனில் அவை வெயிலில் நின்றே வயதாகின்றன.

கிளச் பாரத்தில் வழுக்கினால் உடனே மாற்றுங்கள். மணலில் அல்லது படகு இறக்கும் சரிவில் கிளச்சை அரைவாசியில் பிடித்து இழுக்காதீர்கள். நான்கு சில்லும் இழுக்கும் வாகனமென்றால் முன்சில்லு ஹப்களைப் பூட்டி, தாழ்கியரில் போட்டு மெதுவாக ஏறுங்கள். அப்போது கிளச்சுக்கு வேலையே இல்லை. தார்வீதிக்கு வந்ததும் இரண்டு சில்லுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் திருப்பங்களில் கியர்ப்பெட்டி இறுகும்.

கொளுவியைப் பூட்டுதல்

ட்ரெயிலரின் கிண்ணம் வந்து உட்காரும் இரும்புப் பந்தைப் பம்பரில் துளைபோட்டுப் பூட்டுவது கொளுவி அல்ல. இரு பக்கச் சேசிஸ் சட்டங்களோடும் தகடுவைத்துச் சேர்த்த குறுக்குச் சட்டத்தில்தான் பந்து இருக்க வேண்டும். தலையில் 8.8 என்ற வலிமைத் தரம் பொறித்த போல்ட்களைப் பயன்படுத்துங்கள். பெட்டிச் சட்டத்தை ஊடறுத்துப் போல்ட் போட்டால், இறுக்கும்போது சட்டம் நசுங்காமல் உள்ளே குழாய்த் துண்டு வையுங்கள்.

பந்தின் அளவு முக்கியம். 50 மில்லிமீற்றர் பந்து பரவலானது. அதைவிடச் சிறிய பந்தின் மேல் பெரிய கிண்ணம் உட்கார்ந்தால் பூட்டியதுபோலவே தோன்றும், முதல் பெரிய பள்ளத்தில் கழன்றுவிடும். பந்திலும் கிண்ணத்திலும் பொறித்த எண்களை ஒப்பிடுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டு போட்டு, கொளுவியின் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காகக் கட்டுங்கள். கழன்றாலும் தண்டு வீதியில் குத்தாமல் சங்கிலியின் மேல் விழும்.

பாரத்தை ஏற்றியபின் ட்ரெயிலர் தரைக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவு பந்தின் மேல் அழுத்த வேண்டும். 1,350 கிலோவுக்கு ஏறத்தாழ 135 கிலோ. அந்த எண் கையேடு பந்துக்குச் சொல்லும் வரம்புக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதை அளக்க வெங்காயம் நிறுக்கும் மேடைத் தராசு போதும்: ட்ரெயிலரைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, தண்டின் முனையைப் பந்தின் உயரத்துக்குச் சமமான மரக்கட்டையோடு தராசின் மேல் வையுங்கள். குறைவாக இருந்தால் பாரத்தை முன்னே நகர்த்துங்கள். பின்னால் பாரம் கூடிய ட்ரெயிலர் வேகத்தில் பாம்பாக ஆடத் தொடங்கும். பாதி நிறைந்த தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும்விட ஆபத்து. உள்ளே தடுப்புத் தகடு இல்லாவிட்டால் நிரப்பியோ வெறுமையாகவோ மட்டும் கொண்டுபோங்கள்.

விளக்கும் பத்திரமும்

ட்ரெயிலரில் பின்விளக்கு, பிரேக் விளக்கு, சமிக்ஞை, சிவப்பு ஒளிதெறிப்பான்கள் ஆகிய நான்கு வகையும் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டிகளில் மோதி இறந்தவர்கள் இல்லாத ஊர் எங்கள் பகுதியில் குறைவு. பழைய வயரிங்கில் நேரே இணைக்காமல் ரிலே வைத்து, பூமிக் கம்பியைத் தனியாக இழுங்கள். கொளுவியின் பந்தைப் பூமியாக நம்பினால் கறளில் விளக்கு மினுங்கும். ட்ரெயிலரும் பதிவுக்கும் காப்புறுதிக்கும் உரியது. உங்கள் சாரதி அனுமதிப்பத்திர வகுப்பில் எவ்வளவு நிறையுள்ள ட்ரெயிலர் இழுக்கலாம் என்பதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஓட்டுதல்

முதலில் வெறும் ட்ரெயிலருடன் ஒரு வெறுங்காணியில் பின்னோக்கிப் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். ட்ரெயிலரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். சிறிது சிறிதாகத்தான். ட்ரெயிலர் மடியத் தொடங்கினால் திருத்த முயலாமல் முன்னே போய் நேராக்குங்கள்.

பாரத்தில் ஐந்தாம் கியரை மறந்துவிடுங்கள். நான்காம் கியரில் எஞ்சின் இலகுவாகச் சுழலட்டும். 3எல்லின் இழுவிசை உச்சம் 2,400 சுற்று அளவில்தான் வருகிறது. சுற்றுமானி இல்லாவிட்டால் காதைக் கொடுங்கள், எஞ்சின் முக்கினால் மூன்றாம் கியருக்கு இறங்குங்கள்.

பண்ணைத் தாம்போதியிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் சோழகம் வீசும் மாதங்களில் பக்கக்காற்று படகைத் தள்ளும். ட்ரெயிலர் ஆடத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். நேரே பிடித்தபடி ஆக்சிலேற்றரை விட்டு வேகம் குறையவிடுங்கள்.

முதல் பயணத்தில் பத்துக் கிலோமீற்றரில் நிறுத்தி, கொளுவி போல்ட்களையும் சில்லு நட்களையும் மறுபடி இறுக்குங்கள். ஒவ்வொரு சில்லின் நடுவிலும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அதன் பெயரிங் காய்ந்திருக்கிறது அல்லது பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் மேலே போக வேண்டாம். படகு இறக்கப் போனால், கரையில் நின்று ஹப் ஆறிய பிறகே தண்ணீருக்குள் விடுங்கள். சூடான ஹப் திடீரென்று குளிர்ந்தால் உப்புத்தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். திரும்பி வந்த அன்றே ட்ரெயிலரின் ட்ரம், வில்லு, பிக்கப்பின் அடிப்பகுதி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடலில் இறங்கும் ட்ரெயிலரின் பெயரிங்குகளைப் பருவத்துக்கு ஒருமுறையாவது கழற்றி, நீர் புகாத கிறீஸ் வைத்து, சீல்களையும் மாற்றிப் பூட்டுங்கள்.